மண் தொடாத கம்பி

ஒலிபெருக்கியின் ஆழியைப் போட்டதும் முன்வரிசைப் பிள்ளை முகட்டைப் பார்த்தாள்.

2013 தை மாதக் கடைசி. கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து கிழக்கே உள்ளிறங்கிப் போகிற ஒரு ஊரில் சிறிய பாடசாலை. புதிதாகத் திறந்த கணினி அறை. சுவரோரமாகப் பன்னிரண்டு கணினிகள், இன்னும் பொலித்தீன் உறை கழற்றாத கதிரைகள், ஆசிரியர் மேசையில் ஒரு சோடி ஒலிபெருக்கி. நான் அங்கே தகவல் தொழில்நுட்பம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று ஆங்கில ரீச்சர் ஆறாம் தரப் பிள்ளைகளைக் கேட்டல் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குரல் தொடங்க முன்னமே உறுமல் தொடங்கிவிட்டது. அடித்தொண்டையில் எழுகிற ஒரே சுருதி, இடைவெளியில்லாமல்.

அந்தச் சிறுமி முகட்டைப் பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள், பிறகு பின்வரிசையில் இரண்டு பெடியன்கள். யாரும் கத்தவில்லை, எழும்பவில்லை. தலைகள் மட்டும் மேலே போயின. எனது தலையும் போயிருந்தது என்பதை ஆங்கில ரீச்சரின் முகத்தைக் கண்டபோதுதான் உணர்ந்தேன். அவர் வெளி மாவட்டத்திலிருந்து அண்மையில்தான் மாற்றலாகி வந்தவர். எங்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

போரின் கடைசி வருடங்களில் வன்னி வானத்தில் ஆளில்லா வேவு விமானம் சுற்றிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இரைச்சல் மட்டும் கேட்கும். சனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘வண்டு’. வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பது கைக்குழந்தையை வைத்திருந்த தாய்க்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு 2009இல் ஏழு வயது. பெருக்கல் வாய்பாடு படிக்க முன்னம் அவர்கள் படித்த சத்தம் அது.

ஆழியை நிறுத்தினேன். ஆங்கில ரீச்சர் புத்தகத்தைத் திறந்து தானே வாசித்துப் பாடத்தை நடத்தினார். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு முடிவோடு போனேன். அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல், அந்த ஒலிபெருக்கியைப் பிள்ளைகள் முன்னால் இனிப் போடுவதில்லை.

இரைச்சலைத் தேடுகிற வேலையை எனக்குப் பழக்கியவர் என் பெரியப்பா. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் மின்பகுதியில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, எரிசோடாவும் குளோரினும் பிரித்தெடுத்த ஆலை அது. எண்பதுகளில் போர் அதை நிறுத்திவிட்டது. ஆலை நின்ற பிறகு பெரியப்பா வீட்டு விறாந்தையில் றேடியோ திருத்தத் தொடங்கினார்.

1996 ஆடியில் ‘சத்ஜய’ இராணுவ நடவடிக்கை ஆனையிறவிலிருந்து பரந்தனை நோக்கி நகர்ந்தபோது நாங்கள் ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தோம். எனக்கு அப்போது பதினான்கு வயது. காட்டுத்தடியும் கிடுகும் கொண்டு போட்ட கொட்டில். அதன் ஒரு மூலையில் ஒரு பிஸ்கற் ரின்னை வைத்துப் பெரியப்பா மறுபடியும் கடை விரித்தார். உள்ளே ஒரு குறடு, இரண்டு திருப்புளி, அடுப்பில் காய்ச்சி ஈயம் வைக்கிற செம்புக்கோல், பழைய பலகைகளிலிருந்து கழற்றிய டயோட்டுகள்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். தடையைத் தாண்டி வந்த பற்றரி வாங்க எங்களிடம் காசில்லை. முடிந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் ஓட்டுவார்கள். அதுவும் முடிந்தால் சைக்கிள் டைனமோதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. டைனமோ தருவது ஆறு வோல்ட். ஆனால் அது திசை மாறி மாறி ஓடுகிற மின். றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடுகிற மின் வேண்டும். நான்கு டயோட்டுகளைப் பாலம் போல் கட்டித் திசையை ஒன்றாக்குவார். ஆனாலும் அந்த மின் விட்டுவிட்டுத்தான் வரும். அதைச் சமப்படுத்த ஒரு பெரிய கண்டென்சர். டைனமோவின் வேகம் கூடி வோல்ட் எகிறாமலிருக்க, பக்கத்தில் ஒரு சைக்கிள் லைற் குமிழையும் கட்டியிருப்பார். றேடியோவும் பாடும், வெளிச்சமும் கிடைக்கும்.

கண்டென்சர் எதற்கு என்று கேட்டேன்.

“இரணைமடுக் குளத்துக்கு மழைத்தண்ணி எப்பிடி வருது? ஒருக்காப் பெருக்கெடுத்து வரும், பிறகு வராது. வயலுக்கு எப்பிடிப் போகுது? வாய்க்காலில ஒரே சீராப் போகுது. நடுவில குளம் இருக்கிறபடியால்தானே. கண்டென்சர் எண்டதும் அப்பிடி ஒரு குளம்தான், பிள்ளை.”

அந்தக் குளம் வற்றிப் போனால், அதாவது கண்டென்சர் பழுதானால், றேடியோ உறுமும். அதுதான் நான் முதன்முதலில் அடையாளம் கண்ட இரைச்சல். ஒருநாள் இரவு, றேடியோவில் உறுமலும் கரகரப்பும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. பெரியப்பா என்னைப் பார்த்து, “இப்ப மெதுவாச் சுத்து” என்றார். சுற்றினேன். உறுமலின் சுருதி இறங்கியது. “இப்ப கெதியா.” சுருதி ஏறியது. கரகரப்பு மட்டும் மாறவில்லை.

“விளங்குதா? உன்ர கையோட மாறுறது டைனமோவால வாறது. மாறாதது வானத்தால வாறது. முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதுக்கு ஏரியலைத் திருப்பிப் பாக்கலாம், இல்லாட்டிப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஒண்டை மட்டும் மாத்து. எது கூட மாறுது எண்டு கேள். ஒரே நேரத்தில இரண்டை மாத்தினா உனக்கு ஒண்டும் தெரியாது.”

பிற்காலத்தில் நான் படித்த எந்த மின்னணுவியல் பாடமும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை.

இரவு 9.15க்கு லண்டன் பி.பி.சி. தமிழோசை. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. வன்னி பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. வவுனியாவில் 9.45 என்றால் எங்களுக்கு 9.15. அந்த நேரத்துக்கு எங்கள் கொட்டிலுக்கு அயலில் இருக்கிற பத்துப் பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். சிற்றலை ஏறும், இறங்கும், சில வேளை முற்றாக அமிழ்ந்து போகும். சித்திரை மாதத்தில் தூரத்து இடி ஒவ்வொன்றும் றேடியோவுக்குள் வெடிக்கும். செய்தியில் ஒரு ஊரின் பெயர் வருகிற இடத்தில் இரைச்சல் மூடிவிட்டால், கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். யாருடைய ஊர் அது? யாருடைய பிள்ளை அங்கே நிற்கிறது? அந்தப் பெயரைப் பிடிப்பதற்காக நாங்கள் மூச்சைக் கூட அடக்கியிருக்கிறோம். நான் பெடலை நிறுத்தாமல், அதே நேரம் சங்கிலிச் சத்தம் கேட்காமல் சுற்றப் பழகினேன்.

பெரியப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. திருத்தக் கொண்டுவரும் றேடியோ உறுமினாலோ கரகரத்தாலோ அவர் முகம் கலங்காது. ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால்தான் கலங்குவார். ஒலிபெருக்கியில் காதை ஒட்டி வைப்பார். மிக மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டால், “உயிர் கிடக்கு” என்பார்.

2002 மாசியில் போர்நிறுத்தம் வந்தது. ஏ9 திறந்தது. பற்றரி, சோலார் தட்டு, ஜெனரேற்றர், தொலைக்காட்சி எல்லாம் ஓமந்தை தாண்டி வந்தன. கிளிநொச்சியில் கணினிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கேதான் முதன்முதலில் கணினியோடு வந்த ஒலிபெருக்கியைக் கேட்டேன். ஜெனரேற்றர் திணறும்போதெல்லாம் அதன் உறுமலும் திணறியது. நான் சிரித்தேன். சுற்றுகிற கை மாறினாலும் பாடம் மாறவில்லை. பெரியப்பா 2007இல் நோயால் போய்ச் சேர்ந்தார். கடைசி இடப்பெயர்வை அவர் காணவில்லை. அவருடைய பிஸ்கற் ரின்னைத் தருமபுரம்வரை தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு அப்பால் தூக்க முடியவில்லை. பிறகு முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம், பிறகு மீள்குடியேற்றம். அந்த மாதங்களை இங்கே எழுதப் போவதில்லை.

ஊர் திரும்பியபோது மின்கம்பங்கள் வந்துகொண்டிருந்தன. 1990க்குப் பிறகு வன்னியில் வளர்ந்த பிள்ளைக்குச் சுவரில் ஆழியைத் தட்டினால் குமிழ் எரியும் என்பது புதுமை. அந்தப் புதுமையின் உச்சியாகத்தான் எங்கள் பாடசாலைக்குக் கணினி அறை வந்தது. அதனால்தான் அந்த உறுமல் என்னை அவ்வளவு வருத்தியது.

அந்தக் கேட்டல் பாடத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை, பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனேன். “ஒண்டை மட்டும் மாத்துவம். எது கூட மாறுது எண்டு கேப்பம்” என்றேன்.

முதலில் ஒலி கூட்டிக் குறைக்கும் குமிழ். அதைத் திருப்பும்போது ‘கரக் கரக்’ என்று ஒரு சத்தம். அது உறுமல் இல்லை, வேறு இரைச்சல். குமிழுக்குள் கரிப்பூச்சு உண்டு. அதன் மேல் ஒரு சிறு உலோக விரல் ஓடும். தூசி புகுந்தால் விரல் தடுக்கி விழுகிற சத்தம்தான் அந்தக் கரகரப்பு. வன்னியின் சோளகக் காற்றில் செம்மண் தூசி புகாத பொருள் ஏது? மின்னைத் துண்டித்துவிட்டுக் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முப்பது நாற்பது தரம் திருப்பினோம். பெரும்பாலும் அடங்கியது. மிச்சத்துக்கு வவுனியாவிலிருந்து துப்புரவுத் திரவம் ஒரு குப்பி வாங்கி விசிறினேன்.

இப்போது உறுமல் தனியாக நின்றது. குமிழைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. இது பெரிய தகவல். குமிழுக்கு அப்பால், ஒலிபெருக்கியின் சொந்த மின்வழங்கியில் கண்டென்சர் பழுதென்றால், குமிழை எப்படித் திருப்பினாலும் உறுமல் ஒரே அளவில் நிற்கும். குமிழோடு சேர்ந்து ஏறி இறங்குவது குமிழுக்கு முன்னாலிருந்து, வயர் வழியாக வருவது. கணினியின் முதுகிலிருந்து முளையைக் கழற்றினோம். உறுமல் விழுந்தது. முளையின் நுனியை விரலால் தொட்டால் ‘ம்ம்’ என்று எழும்பியது. கூட வந்த பெடியன் பயந்து கையை எடுத்தான். பயப்பட ஒன்றுமில்லை, சுவருக்குள் ஓடுகிற மின்னின் சாயலை எங்கள் உடம்பு ஏரியல் போல வாங்கித் தருகிறது என்றேன்.

அதே முளையை என் கைத்தொலைபேசியில் செருகினோம். பாட்டுச் சுத்தமாகக் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ‘டிட்டிட்டி டிட்டிட்டி’ என்று இடையில் வந்து விழுந்தது. அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்னால் அப்போது எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்ட அந்தத் தட்டல். அந்தக் காலத்துக் கைத்தொலைபேசி தன் அலையை நிறுத்தாமல் அனுப்பாது. செக்கனுக்கு 217 தரம் துண்டு துண்டாக அனுப்பும். அந்தத் துடிப்பை ஒலிபெருக்கியின் வயர் பிடித்துக்கொள்கிறது. தொலைபேசியை நாலடி தள்ளி வைத்தால் தீர்ந்தது. இதையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள்.

பிறகு மடிக்கணினி. பற்றரியில் ஓடும்போது உறுமல் இல்லை. அதன் மின்வயரைச் சுவரில் செருகியதும் உறுமல் வந்தது. எடுத்தால் போனது. மூன்று தரம் செய்து பார்த்தோம். சந்தேகம் தீர்ந்தது. சுவரிலிருந்துதான் வருகிறது.

அப்போதுதான் பெடியன் சொன்னான். “ரீச்சர், இந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியில கை பட்டா எப்பவும் சுள்ளெண்டு இருக்கும்.”

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. நியோன் ரெஸ்ரரை எடுத்துக் கணினியின் தகர உடம்பில் வைத்தேன். ரெஸ்ரர் எரிந்தது. அடுத்த கணினி, எரிந்தது. பன்னிரண்டிலும் எரிந்தது.

கணினியின் மின்வழங்கிக்குள் இரண்டு சிறிய கண்டென்சர்கள் உண்டு. ஒன்று மின்வருகிற கம்பியிலிருந்து பெட்டியின் உடம்புக்கு, மற்றது திரும்பிப் போகிற கம்பியிலிருந்து அதே உடம்புக்கு. உள்ளே பிறக்கிற கூர்மையான இரைச்சலை உடம்பு வழியாக எர்த் கம்பிக்கு அனுப்பி, மண்ணில் விட்டுவிடுவதற்காகவே அவற்றை வைத்திருக்கிறார்கள். எர்த் இல்லாவிட்டால் இரைச்சல் போக இடமில்லை. உடம்பு நடுவில் மிதக்கும். எங்கள் 230 வோல்ட்டின் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட் அந்தத் தகரத்தில் நிற்கும். ஒரு கணினியிலிருந்து கசிவது மிகச் சிறிய மின்னோட்டம், சுள்ளென்று மட்டும் இருக்கும். ஆனால் பன்னிரண்டு கணினிகளின் எர்த் கம்பிகளும் ஒன்றாகக் கட்டப்பட்டு, அந்தக் கட்டு எங்கும் போய்ச் சேராமல் நின்றால், பன்னிரண்டின் கசிவும் சேர்ந்து வழி தேடும். ஒலிபெருக்கி வயர் ஒரு வழி. அதுதான் உறுமல். தொடுகிற பிள்ளையின் உடம்பு இன்னொரு வழி.

“எர்த் எண்டது குளத்தின்ர வான் மாதிரி” என்று பெரியப்பா சொல்லியிருந்தார், ஆலைக் கதை சொல்லும்போது. “வான் இல்லாமல் குளம் கட்டினவனும் எர்த் இல்லாமல் லைன் இழுத்தவனும் ஒண்டு. மழை வரும்வரைக்கும் இரண்டு பேரும் கெட்டிக்காரர்தான்.”

பிரதான ஆழியை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். பச்சைக் கம்பி ஒழுங்காகத்தான் பூட்டப்பட்டிருந்தது. அது போன வழியே போனோம். மின்பெட்டிக்குப் போயிருந்தது. மின்பெட்டியிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே. நாங்களும் வெளியே போய்க் கட்டடத்தின் பின்பக்கம் சுற்றினோம். செவ்வரத்தைப் பற்றைக்குப் பின்னால், சுவர் வழியே இறங்கி வந்த பச்சைக் கம்பி, நிலத்துக்கு ஒரு சாண் மேலே வளையமாகச் சுருட்டிக் கட்டி விடப்பட்டிருந்தது. கீழே செம்புக்கோல் இல்லை. மண்ணில் இறங்கவே இல்லை.

இலங்கையில் ஒவ்வொரு கட்டடமும் தன் எர்த்தைத் தன் வளவிலேயே மண்ணில் இறக்க வேண்டும். கசிவு கண்டால் துண்டிக்கிற ட்ரிப் சுவிச் மின்பெட்டியில் இருந்தது. ஆனால் எர்த் இல்லாத இடத்தில், கசிவு ஒரு உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும்போதுதான் அது விழிக்கும். என்றாவது ஒரு கணினிக்குள் வயர் ஒன்று உரிந்து தகரத்தில் பட்டிருந்தால், பன்னிரண்டு பெட்டியிலும் முழு 230 வோல்ட் நின்றிருக்கும். அந்த உறுமல் எங்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அறையைப் பூட்டித் திறப்பை அதிபரிடம் கொடுத்தேன்.

யார் விட்டார்கள் என்று விசாரிக்கிற பேச்சு ஒரு நாள் நடந்து அடங்கியது. அதைவிடப் பெரிய கேள்வி வேறு இருந்தது. ஐந்தடி ஆழத்துக்கு ஒரு கோலை இறக்க வேண்டும். இது வன்னி மண். எங்கள் ஊர் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதான். பாடசாலை வளவுக்குச் சான்றிதழும் உண்டு. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் அப்போதும் நின்றன. துப்புரவு செய்தவர்கள் குறிப்பிட்ட ஓர் ஆழம்வரைதான் பார்ப்பார்கள். நாங்கள் அதற்குக் கீழே இறங்கப் போகிறோம். கட்டடம் கட்டினவர்கள் அந்தக் கோலை ஏன் இறக்காமல் விட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அலவாங்கைக் கையில் எடுக்கும்போது ஏற்படுகிற தயக்கம் மட்டும் எனக்குத் தெரியும்.

அதிபர் கடிதம் எழுதினார். அந்தக் கிழமையே மிதிவெடி அகற்றும் பணியில் இருந்த ஒரு குழு வந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகளின் அணிகளில் வன்னிப் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். குடும்பத்தின் முழுப் பாரத்தையும் தனியே சுமக்க நேர்ந்தவர்கள் அவர்களில் பலர். வந்த குழுவில் கருவியைப் பிடித்தவரும் என் வயதுப் பெண். நீல நிறக் கவச அங்கி, முகத்துக்கு முன் கண்ணாடித் தடுப்பு, காதில் காதொலிப்பான். செவ்வரத்தையின் பக்கத்தில் வட்டுப் போன்ற தலையை நிலத்துக்கு மேலே பிடித்து, மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்கினார். தேடத் தொடங்கவில்லை. அப்படியே நின்றார்.

“என்ன அக்கா செய்யிறியள்?” என்று கேட்டேன்.

“மண்ணைப் பழக்கிறன். இது கிறவல் மண், இரும்புச் சத்துக் கூட. பழக்காமல் பிடிச்சா மண்ணே கத்தும். முதல்ல இந்த மண்ணின்ர சத்தம் எது எண்டு மெசினுக்குத் தெரிய வேணும். அதைக் கழிச்சுப் போட்டுத்தான் மிச்சத்தைக் கேக்கலாம்.”

நான் பேசாமல் நின்றேன். அந்தப் பெண் ஸ்கந்தபுரத்துக் கொட்டிலில் எங்களோடு இருந்து படித்தவர் போல எனக்குப் பட்டது. மாறுவது எது, மாறாதது எது. மண்ணின் சத்தம் எது, மண்ணுக்குள் ஒளிந்திருப்பதன் சத்தம் எது. எங்கள் அறையில் பிழைத்தால் மறுபடி செய்து பார்க்கலாம். அவருடைய வேலையில் அது முடியாது.

இரண்டு இடத்தில் கருவி ஒலித்தது. முழந்தாளிட்டு, சிறு கருவியால் பக்கவாட்டில் சுரண்டினார். ஒன்று துருப்பிடித்த கூரைத் தகரத் துண்டு. மற்றது வெற்றுச் சன்னக் கோது. அதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அரை அடி, அரை அடியாகத் தோண்டச் சொல்லி, ஒவ்வொரு முறையும் கருவியைக் குழிக்குள் பிடித்துப் பார்த்தார். வெயில் உச்சிக்கு ஏறும்போது குழி ஐந்தடி இறங்கியிருந்தது. “இனிப் பயமில்லை” என்றார். பிள்ளைகள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஊர் மின்வேலைக்காரர் செம்புக்கோலை நடுவில் நிறுத்தினார். சுற்றிலும் ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு உப்பு. கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்புக் கரைந்து மண்ணுக்குள் மின்னை நடக்க விடும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சிரட்டை கரி கொண்டுவந்திருந்தார்கள். உப்பை நான் வாங்கினேன். ஆனையிறவு உப்பில் மின்னோட்டிய மனிதரை நினைத்துக்கொண்டு, கையால் அள்ளிப் போட்டேன். மண்ணை மூடி, தண்ணீர் ஊற்றி, சுருட்டி வைத்த பச்சைக் கம்பியை அவிழ்த்துக் கோலின் தலையில் இறுக்கினார்கள்.

ரெஸ்ரரைக் கணினியின் உடம்பில் வைத்தேன். எரியவில்லை. பன்னிரண்டிலும் வைத்தேன்.

ஒலிபெருக்கியைப் போட்டோம். அறைக்குள் வெளிமுற்றத்து வேம்பில் கத்துகிற அணிலின் சத்தம் கேட்டது. பெடியன் சந்தேகப்பட்டு ஆழியைப் பார்த்தான், போட்டுத்தான் இருந்தது. பிறகு ஒலிபெருக்கியில் காதை ஒட்டி வைத்தான்.

“ரீச்சர், இன்னும் மெல்லிசாக் கேக்குது. ஸ்ஸ் எண்டு.”

அது போகாது என்றேன். உலோகத்துக்குள் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாமல் அசைகின்றன. அந்த அசைவுக்குச் சத்தம் உண்டு. 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன்சன் அதை அளந்து காட்டினார். அவரோடு வேலை செய்த நைக்விஸ்ற் அதற்குக் கணக்குச் சொன்னார். உலகத்தின் எந்த எர்த்தும் அதை எடுக்க முடியாது. எடுக்கவும் தேவையில்லை. பெரியப்பாவின் சொல்லைத்தான் கடைசியில் சொன்னேன். “உயிர் கிடக்கு, தம்பி.”

திங்கட்கிழமை ஆறாம் தரம் வந்தது. ஆழியைப் போட்டேன். ஒரு ஆங்கிலக் குரல் சந்தைக்குப் போன கதையைச் சொன்னது. பிள்ளைகள் குனிந்து கொப்பியில் எழுதினார்கள். முன்வரிசைப் பிள்ளை மூன்றாவது கேள்விக்கு என்ன விடை என்று பக்கத்தவளின் கொப்பியை எட்டிப் பார்த்தாள். நான் கண்டும் காணாமல் விட்டேன்.

மாரி வந்தது, போனது. 2014இல் வடக்கை வரட்சி பிடித்தது. குளங்கள் அடித்தரை தெரிய வற்றின. ஆவணியில் பாடசாலைக் கிணற்றில் வாளி தரை தட்டும். அந்த மாதம் ஒருநாள், ஏழாம் தரம் கணினி அறையில் இருந்தபோது, பழைய உறுமல் மெல்லத் திரும்பியது. முந்தியதைப் போல இல்லை, சுவருக்கு அப்பால் நின்று யாரோ முனகுவது போல. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆழியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே அந்த முன்வரிசைப் பிள்ளையைப் பார்த்தேன்.

அவள் யன்னலுக்கு வெளியே, செவ்வரத்தையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரீச்சர், மண் காய்ஞ்சிட்டுது” என்றாள்.

எழும்பி, மூலையிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.